நொய்யலும் பவானியும் மேற்குத் தொடர்ச்சி மலையில்தான் பிறக்கின்றன. பிறகு நீரின் தரம் ஏன் இவ்வளவு வேறுபடுகிறது? எப்படி ஒப்பிடுவது?

பிறந்த இடத்தைவிட, வடிநிலத்தில், அதாவது மழைநீர் வடிந்து ஆற்றில் சேரும் நிலப்பரப்பில், என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம். வெள்ளியங்கிரி மலையிலிருந்து இறங்கும்போது நொய்யலும் தெளிந்த நீர்தான். கோவையில் சாக்கடை சேர்கிறது. திருப்பூரில் பல ஆண்டுகள் சாயக்கழிவு சேர்ந்தது. சாயத்தைத் துணியில் ஏற்ற உப்பு தேவை. நிறத்தை நீக்கினாலும் கரைந்த உப்பு நீரிலேயே தங்கிவிடும். பாசனத்துக்காக 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையே கழிவுத் தேக்கமாகிப்போனது; அணையைத் திறக்காதீர்கள் என்று உழவர்களே கேட்க நேர்ந்த கொடுமையை என்னால் மறக்க முடியவில்லை. 2011இல் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது. பவானிக்கு நீலகிரிக் காடுகளின் பெருநீர் வரத்து உண்டு; அதனால் கழிவு நீர்த்துப்போகிறது. அதற்காக அதைத் தூய ஆறு என்று சொல்லிவிட முடியாது, மேட்டுப்பாளையத்துக்குக் கீழே நிலைமை வேறு.

ஒப்பிடும்போது ஒரே மாதத்தில், ஒரே நேரத்தில் நீரை எடுங்கள். கரைந்த ஆக்சிஜன் விடியலில் குறைவாகவும் பிற்பகலில் கூடுதலாகவும் இருக்கும். ஓர் ஆற்றைக் காலையிலும் மற்றதை மாலையிலும் அளந்தால் கணக்கே தப்பு. நீரோட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மழைவெள்ளத்தில் உப்பின் அளவு இறங்கும், கலங்கல் ஏறும்.

வீட்டிலேயே ஒன்று செய்யலாம். இரண்டு நீரையும் வடிகட்டி, ஒரே அளவில் தட்டுகளில் ஊற்றி வெயிலில் வற்றவிடுங்கள். உப்பு மிகுந்த நீர் வற்றிய தட்டில் விரலால் சுரண்டும் அளவுக்கு வெள்ளைப் படலம் நிற்கும். குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். கிருமிகளைத் தட்டு காட்டாது. அதற்கு ஆய்வகம்தான் வழி.