அடுத்த மன்றக் கூட்டத்தில் எங்கள் பூங்கா இடம் வருகிறது: தடுக்க முடியுமா?

கேள்வி: நாங்கள் தமிழ்நாட்டில் ஒரு நகராட்சிப் பகுதியில் குடியிருக்கிறோம். எங்கள் மனைப்பிரிவில் பூங்காவுக்கென்று விட்ட இடம் பல வருடங்களாகக் காலியாகக் கிடக்கிறது. அங்கே குப்பையிலிருந்து நுண் உரம் தயாரிக்கும் மையம் கட்டப்போகிறார்கள், அடுத்த மன்றக் கூட்டத்தில் தீர்மானம் வருகிறது என்று பேச்சு. எங்களை யாரும் கேட்கவில்லை. எல்லோரும் திரண்டு கூட்டத்துக்குப் போனால் நிறுத்த முடியுமா? தெருவில் புதுச் சாலையும் போடப்போகிறார்களாம். இப்போதே சாலை உயர்ந்து, மழை பெய்தால் வாசலுக்குள் தண்ணீர் வருகிறது. அதையும் கேட்கலாமா?

பதில்: திரண்டு போவதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். இன்றைக்கே இரண்டு பேர் உங்கள் வார்டு கவுன்சிலர் வீட்டுக்குப் போங்கள். கூட்டத்துக்கு முன்பே கவுன்சிலர்களுக்கு அஜெண்டா வந்துவிடும். அதில் உங்கள் இடம் சம்பந்தப்பட்ட பக்கத்தை மட்டும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் காட்டக் கூடாது என்று சொல்ல அதில் ரகசியம் எதுவும் கிடையாது.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், முடிவு பெரும்பாலும் கூட்ட நாளில் பிறப்பதில்லை. மன்றப் பொருள், அதாவது மன்றத்தின் முன் வைக்கும் விஷயங்களின் குறிப்பு, தயாரிக்கும் மேசையில் பல வருடம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பொறியியல் பிரிவோ சுகாதாரப் பிரிவோ ஒரு குறிப்பு எழுதும், மதிப்பீடு தயாராகும், ஆணையர் கையெழுத்திடுவார், தலைவர் பார்ப்பார், அப்புறம்தான் அது அஜெண்டாவில் ஏறும். கூட்டத்தில் பொருள்களை வரிசையாக வாசித்துக்கொண்டே போவார்கள். யாரும் எழுந்து நிறுத்தாவிட்டால் ஒரு பொருள் நிறைவேற ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த நேரத்தில் நீங்கள் வெளியே கோஷம் போட்டால் அது செய்தியாகும், கோப்பில் ஏறாது. உங்கள் எதிர்ப்பு எழுத்தில் கோப்புக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், நாளைக்கு நீதிமன்றத்திலேயே கேட்டாலும் 'ஆட்சேபணை ஏதும் வரவில்லை' என்று நிர்வாகம் சொல்லிவிடும்.

படம் எடுத்த பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"வார்டு எண் 14-ல் நகராட்சிக்குச் சொந்தமான காலியிடத்தில் நுண் உரம் தயாரிக்கும் மையம் அமைக்க மதிப்பீடு தயாரிக்கப்பட்டுள்ளது. பணியின் அவசர அவசியம் கருதி, தலைவர் அவர்களின் முன் அனுமதி பெற்று ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டதை மன்றம் பதிவு செய்யலாம்."

இதில் மூன்று இடங்களில் விரலை வையுங்கள். 'நகராட்சிக்குச் சொந்தமான காலியிடம்' என்கிறார்கள், பூங்கா என்ற சொல்லே இல்லை. உங்கள் வழக்கு முழுவதும் அந்த விடுபட்ட சொல்லில்தான் இருக்கிறது. அடுத்தது 'முன் அனுமதி'. மன்றம் கூடும் முன்பே வேலை நகர்ந்துவிட்டது, டெண்டர் விட்டாயிற்று என்று அர்த்தம். கடைசியில் 'பதிவு செய்யலாம்'. அதாவது மன்றத்திடம் அனுமதி கேட்கவில்லை, தகவல்தான் சொல்கிறார்கள். இதற்குப் பதில் 'மன்றத்தின் அனுமதிக்கு வைக்கப்படுகிறது' என்று முடிந்திருந்தால் உங்களுக்கு இன்னும் கொஞ்சம் கால அவகாசம் உண்டு. டெண்டர் வந்துவிட்டதா என்பதை அரசின் டெண்டர் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் நம் மாநிலத்தில் இருக்கிறது.

இப்போது ஆதாரத்துக்கு வருவோம். முதல் ஆதாரம் உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. கிரயப் பத்திரத்தை எடுத்து, சொத்து விவரப் பகுதியில் மனைப்பிரிவு அங்கீகார எண் இருக்கிறதா என்று பாருங்கள். நகர் ஊரமைப்புத் துறை கொடுத்த எண் அது. அந்த எண்ணைச் சொல்லி, அங்கீகரிக்கப்பட்ட லே-அவுட் வரைபடத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். வரைபடத்தில் அந்த இடம் 'பூங்கா' அல்லது 'பொது ஒதுக்கீடு' என்று குறிக்கப்பட்டிருக்கும். மனைப்பிரிவு போட்டவர் சாலைகளையும் பூங்காவையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பார். அதன் நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கலாம். எந்த நோக்கத்துக்காகக் கொடுத்தார் என்று அந்தப் பத்திரத்தில் எழுதியிருக்கும். அந்த ஒரு வரி உங்களுக்குப் பொன் மாதிரி. சிலரிடம் வரைபடம் இருக்கும், தானப் பத்திரம் பதிவாகாமலே போயிருக்கும். அப்படி இருந்தாலும் மனம் தளர வேண்டாம், வரைபடமே வலுவான ஆதாரம்.

இந்த ஒதுக்கீடு யாரோ தாராள மனதோடு விட்டுக்கொடுத்தது கிடையாது. இன்றைய ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி (2019), 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை நீங்கலாக 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளியாக விட்டே ஆக வேண்டும். அதன் விலையும் சேர்ந்துதான் உங்கள் மனையின் விலை. 1959-ஆம் ஆண்டு தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்றும் இருக்கிறது. ஒவ்வொரு உள்ளாட்சியும் தன் எல்லைக்குள் உள்ள பூங்காக்களுக்குப் பட்டியல் போட வேண்டும் என்கிறது அது. 'எங்கள் இடம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா?' என்று எழுத்தில் கேளுங்கள். சின்னக் கேள்விதான், ஆனால் பதில் எழுத வேண்டியவர் கோப்பைத் திறந்துதான் ஆக வேண்டும்.

உச்ச நீதிமன்றம் 1991-இல் பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கில் கொடுத்த தீர்ப்பைப் பலர் மேற்கோள் காட்டுவார்கள். பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை நீதிமன்றம் செல்லாது என்றது. அந்தப் பகுதிவாசிகளுக்கு வழக்குப் போட உரிமை உண்டு என்றும் சொன்னது. உங்களுக்கு உதவும் தீர்ப்புதான். ஆனால் அங்கே பிரச்சினை தனியாருக்குக் கொடுத்தது. உங்கள் விஷயத்தில் கட்டப்போவது நகராட்சியே, அதுவும் ஒரு பொதுத் தேவைக்காக. 'இதுவும் பொதுப் பயன்பாடுதானே' என்ற வாதம் கட்டாயம் வரும். அதனால் தீர்ப்பை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். மாற்று இடம் ஒன்றைக் கண்டுபிடித்துச் சொல்லுங்கள். குப்பை எங்காவது போய்த்தான் ஆக வேண்டும், அதில் உங்கள் வீட்டுக் குப்பையும் இருக்கிறது. உங்கள் இடத்தைக் காப்பாற்றுவதற்காகப் பக்கத்து ஏழை மக்களின் தெருவைக் கைகாட்டினால், ஜெயித்தாலும் அது தப்பு என்பது என் உறுதியான எண்ணம். நகராட்சியின் பழைய உரக்கிடங்கு, பயன்படாமல் கிடக்கும் நீரேற்று நிலைய வளாகம் என்று குடியிருப்பிலிருந்து தள்ளி இருக்கும் இடங்களைத் தேடுங்கள்.

கடிதத்தை ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். ஆணையருக்கு எழுதி, தலைவருக்கும் கவுன்சிலருக்கும் நகல் போடுங்கள். முதல் வரியில் பொருள் எண்ணும் கூட்டத் தேதியும் வர வேண்டும். அடுத்து, இது அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவில் பூங்கா இடம் என்று எண்ணோடு எழுதி, வரைபட நகலை இணையுங்கள். பிறகு கோரிக்கை: 'இந்தப் பொருளை ஒத்திவைத்து, பகுதி சபாவில் வைத்துக் கருத்துக் கேட்ட பிறகு மன்றத்துக்குக் கொண்டுவர வேண்டும்.' 'ரத்து செய்' என்று கேட்டால் இல்லை என்று சொல்வது சுலபம். ஒத்திவைக்கச் சொன்னால் மறுப்பதற்கு ஒரு காரணம் தேட வேண்டியிருக்கும். கையெழுத்துப் போடுகிறவர்கள் கதவு எண்ணையும் எழுதட்டும். தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் அங்கிருந்து நகராதீர்கள். வாங்க மறுத்தால் அன்றைக்கே ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஒரு முறை, என் சொந்தத் தெரு விவகாரத்தில், முத்திரை வாங்காமல் கொடுத்துவிட்டு வந்த மனு காணாமலே போனது. அந்தத் துறையில் வேலை பார்த்த எனக்கே அப்படி நடந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பகுதி சபா என்றேன் அல்லவா? தமிழ்நாட்டில் 2022-இல் இதற்கு விதிகள் வந்தன, அந்த ஆண்டு நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று பகுதி சபாக்கள் கூடின. கிராம சபை மாதிரி நகரத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் மேடை இது. பல இடங்களில் பெயருக்கு நடக்கிறது என்பது உண்மைதான். ஆனாலும் விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் மன்றக் கூட்டத்தில் நீங்கள் பார்வையாளராக உட்காரலாமே தவிர வாய் திறக்க முடியாது. பகுதி சபாவில் பேசலாம். பேசியது நடவடிக்கைக் குறிப்பில் ஏறியதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

தகவல் உரிமைச் சட்டம் (2005) உடனே கைகொடுக்காது. 10 ரூபாய் கட்டி மனு போட்டால் பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு, அதற்குள் கூட்டம் முடிந்துவிடும். ஆனாலும் இன்றைக்கே போட்டு வையுங்கள். நகல் மட்டும் கேட்காமல், கோப்பை நேரில் பார்வையிட அனுமதியும் கேளுங்கள். பார்வையிடும்போதுதான் இடத்தை யார் தேர்வு செய்தார், வேறு இடங்களைப் பார்த்தார்களா என்ற குறிப்புகள் கண்ணில் படும். இந்தச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: பொதுமக்களைப் பாதிக்கும் முக்கிய முடிவுகளை அறிவிக்கும்போது அது தொடர்பான விவரங்களை வெளியிட வேண்டும், நிர்வாக முடிவுக்கான காரணத்தைப் பாதிக்கப்படுபவருக்குச் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தில் இதை ஒரு வரியாகச் சேர்க்கலாம்.

எல்லாவற்றையும் மீறித் தீர்மானம் நிறைவேறிவிட்டால்? தீர்மான எண்ணையும் நகலையும் வாங்குங்கள். மன்றத் தீர்மானத்தை ரத்து செய்யும் அதிகாரம் அரசுக்கு உண்டு, எனவே நகராட்சி நிர்வாக இயக்குநருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் மேல்முறையீடாக எழுதுங்கள். திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் நேரில் கொடுப்பது நல்லது. ஒப்பந்ததாரருக்குப் பணி ஆணை கொடுத்துக் கம்பி கட்ட ஆரம்பித்த பிறகு உயர் நீதிமன்றம் போனால், 'இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள்?' என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். முத்திரை போட்ட அந்த நகல்தான் அதற்குப் பதில். வழக்கறிஞரை அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

சாலை விஷயம் இதைவிட எளிது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டு, மட்டம் உயராமல்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021 மே மாதமே தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டிருக்கிறார். பிரச்சினை எங்கே வரும் என்றால், மதிப்பீட்டில் சுரண்டுவதற்கான தொகையே சேர்க்காமல் விட்டிருப்பார்கள். அப்புறம் ஒப்பந்ததாரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை, அவருக்குக் கொடுத்த வேலையில் அது இல்லை. அதனால் இப்போதே உதவிப் பொறியாளரிடம் போய், மதிப்பீட்டில் 'மில்லிங்' (பழைய சாலையைச் சுரண்டுவது) என்ற இனம் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். இருக்கிறது என்றால் எத்தனை மில்லிமீட்டர் என்று குறித்துக்கொள்ளுங்கள். வேலை தொடங்கும் முன் உங்கள் வாசற்படியிலிருந்து சாலை வரை அளவுகோலை வைத்து, அளவு தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். நாலைந்து வீடுகளில் இப்படி எடுத்து வைத்தால் போதும்.