ஐ7-க்குப் பின்னால் என்ன எண், டீச்சர்?

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியை நான். தேனி மாவட்டம். என் தம்பியின் அறுபதாம் கல்யாணத்தை இரண்டு போன்களில் துண்டு துண்டாக எடுத்து வைத்திருக்கிறோம். பேரன் பேத்தி வீடியோக்கள் வேறு. 2004-ல் மகளின் சடங்கை எடுத்த மினி டிவி (Mini DV) கேசட்டுகள் பதினொன்றும், அந்தக் கேமராவும் இருக்கின்றன. இவற்றையெல்லாம் வெட்டிச் சேர்த்துப் பெயர் போட்டுக் குடும்பத்துக்குக் கொடுக்க ஆசை. மகனுக்குப் பள்ளியில் கிடைத்த இலவச லேப்டாப்பில் 2 ஜிபி ரேம்தான்; வீடியோ திறந்தாலே நின்றுவிடுகிறது. பட்ஜெட் 45,000. மானிட்டர் வீட்டில் இருக்கிறது. ஒரு கடையில், 'ஐ7, 16 ஜிபி ரேம், 2 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, எல்லா சாஃப்ட்வேரும் போட்டு 32,000' என்று துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். தம்பி மகனோ கிராபிக்ஸ் கார்டுக்கு மட்டும் 25,000 ஒதுக்கச் சொல்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம் அம்மா. தம்பி மகன் கேம் ஆடுகிற பிள்ளையாக இருப்பார். அவர் தேவைக்கு அவர் சொல்வது சரி. கடைக்காரர் விஷயம் அப்படி இல்லை. நீங்கள் அனுப்பிய அந்தத் துண்டுச்சீட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 'ஐ7' என்று இருக்கிறது, அதோடு முடிந்துவிட்டது. அது கம்ப்யூட்டரின் மூளையான இன்டெல் புராசஸரின் பெயர். அதற்குப் பின்னால் ஒரு எண் வர வேண்டும். அது இல்லாத சீட்டு, 'அரிசி ஒரு மூட்டை' என்று மட்டும் எழுதிய பில் மாதிரி. பொன்னியா, ரேஷன் அரிசியா?

அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி ஏமாற்றுவேலை நின்றுவிடும். ஐ7-2600 என்றால் கோட்டுக்குப் பின்னால் நான்கு இலக்கம், முதல் இலக்கம் 2. அது இரண்டாம் தலைமுறை, 2011-ல் வந்தது. ஐ5-8500 என்றால் எட்டாம் தலைமுறை, 2018. ஐ5-12400 என்றால் ஐந்து இலக்கம், முதல் இரண்டும் 12. பன்னிரண்டாம் தலைமுறை, 2022. பெயரில் ஐ7 இருந்தாலும் 2011-ல் வந்தது 2011-ல் வந்ததுதான். பன்னிரண்டாம் தலைமுறை ஐ3 கூட அதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

இதில் கொடுமை என்னவென்றால், 32,000 ரூபாய் பெட்டி பார்க்கப் பளபளவென்று புதிதாகவே இருக்கும். அந்தப் பழைய புராசஸருக்குப் பொருந்தும் 'எச்61' மதர்போர்டை இன்னமும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். புது போர்டு, புது கேபினெட், உள்ளே கலர் கலராக எரியும் ஃபேன், நடுவில் எங்கோ ஓர் அலுவலகத்தில் பத்து வருஷம் உழைத்துக் களைத்த புராசஸர். அதில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் மைக்ரோசாஃப்ட் ஏற்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. ஆனாலும் கடையில் 'விண்டோஸ் 11 போட்டுத் தர்றோம் மேடம்' என்பார்கள். போட்டும் தருவார்கள், குறுக்கு வழியில்.

பருப்பு பாக்கெட்டில் எடை, அதிகபட்ச விலை, பேக் செய்த மாதம், வருஷம் எல்லாம் அச்சிட வேண்டும் என்று விதி இருக்கிறது. 32,000 ரூபாய்க்குக் கம்ப்யூட்டர் பூட்டித் தருகிறவர் 'ஐ7' என்று பேனாவில் கிறுக்கினால் கேட்க ஆள் இல்லை. கம்பெனிகளும் லேசுப்பட்டவை அல்ல. பதினைந்து வருஷமாக ஒரே ஐ3, ஐ5, ஐ7 பெயரைத் திருப்பித் திருப்பி ஒட்டிவிட்டு, விவரத்தை வாலில் ஒளித்து வைத்தால் யாருக்குத்தான் புரியும்? சரி, புலம்பலை விடுகிறேன்.

உங்கள் வேலை என்ன என்று பார்ப்போம். போனில் எடுத்த வீடியோ ஏன் கம்ப்யூட்டரைத் திணறடிக்கிறது? நீங்கள் வருகைப்பதிவேடு போட்டவர், சட்டென்று புரியும். திங்கட்கிழமை முழுப் பட்டியலையும் எழுதிவிட்டு, அடுத்த நாள்களில் 'நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாற்றம்' என்பதை மட்டும் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோட்டு மிச்சம். ஆனால் வெள்ளிக்கிழமை யார் யார் இருந்தார்கள் என்று கேட்டால் திங்களிலிருந்து கூட்டிக் கழித்து வர வேண்டும். போன் வீடியோவும் அப்படித்தான் படங்களைச் சேமிக்கிறது. நேராக ஓடவிட்டுப் பார்க்கும்போது தெரியாது. எடிட்டிங்கில் முன்னும் பின்னும் இழுக்கும்போது ஒவ்வொரு இழுப்புக்கும் இந்தக் கணக்கைப் போட்டாக வேண்டும். புதிய போன்கள் பயன்படுத்தும் 'எச்.இ.வி.சி.' முறையில் கணக்கு இன்னும் சிக்கல்.

இந்த எச்.இ.வி.சி. கணக்கைப் போடுவதற்கென்றே ஏழாம் தலைமுறையிலிருந்து வரும் பெரும்பாலான இன்டெல் புராசஸர்களின் உள்ளேயே தனி மின்சுற்று ஒன்று இருக்கிறது. 2011 ஐ7-ல் இது கிடையாது. கடைக்காரர் சொன்ன '2 ஜிபி கிராபிக்ஸ் கார்டு' பெரும்பாலும் ஜிடி 710 ஆக இருக்கும், அதிலும் எச்.இ.வி.சி.க்கான சுற்று கிடையாது. சீட்டில் ஒரு வரி கூடுவதைத் தவிர அந்தக் கார்டால் உங்களுக்கு லாபமில்லை.

ஆக, கேட்டு வாங்க வேண்டியது இது: ஐ5-12400. ஆறு கோர், உள்ளேயே கிராபிக்ஸ். கடைசியில் எஃப் என்ற எழுத்து இருக்கக் கூடாது. 12400எஃப் கொஞ்சம் மலிவு. ஆனால் எஃப் என்றாலே உள் கிராபிக்ஸ் இல்லை, நான் சொன்ன அந்தச் சுற்றும் இல்லை, தனிக் கார்டு போடாமல் திரையில் படமே வராது. 'எல்லாம் ஒண்ணுதான் மேடம்' என்று எஃப்-ஐத் தள்ளிவிட்டு, அப்புறம் கார்டையும் தலையில் கட்டுவது வழக்கமான வித்தை.

ரேம் 16 ஜிபி. ஒரே குச்சியாக வேண்டாம், எட்டும் எட்டுமாக இரண்டு. உள் கிராபிக்ஸ் இந்த ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது, இரண்டு குச்சி என்றால் அதற்கு இரண்டு வழிப்பாதை. விண்டோஸுக்கும் நடப்பு வேலைக்கும் 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, அதாவது வேகமான சேமிப்புச் சில்லு. முடிந்த வேலையைப் போட்டு வைக்கச் சாதாரண 1 டிபி ஹார்ட் டிஸ்க். ரேம், எஸ்எஸ்டி விலை தக்காளி விலை மாதிரி ஏறி இறங்குகிறது. 45,000-க்குள் இடித்தால் புராசஸரை ஐ3-12100 ஆக்குங்கள் (இதிலும் எஃப் கூடாது), ரேமைக் குறைக்காதீர்கள். எஸ்எம்பிஎஸ், அதாவது உள்ளே மின்சாரம் தரும் பெட்டி, பெயர் தெரிந்த கம்பெனியாக இருக்கட்டும். கேபினெட்டோடு 'இலவசமாக' வருவதைக் கையில் தூக்கிப் பாருங்கள், காலி டிபன் பாக்ஸ் கனம்தான் இருக்கும்.

பழைய அலுவலகக் கம்ப்யூட்டரைத் துடைத்து விற்கும் கடைகளில் ஐ5-8500 போட்ட பெட்டி கிடைத்தால் அதுவும் உங்களுக்குப் போதும், செலவும் குறைவு. பில் வாங்குங்கள்.

பில் என்றதும் இன்னொன்று. 'பில் வேண்டாம்னா ஜிஎஸ்டி 18 சதவீதம் மிச்சம்' என்பார்கள். வேண்டும் என்று சொல்லுங்கள். ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் பில்லில் ஏற வேண்டும். புராசஸர் அதன் சொந்தப் பெட்டியோடு வந்தால் இன்டெல்லின் மூன்று வருட வாரண்டி உண்டு. 'ட்ரே பீஸ்' என்று பெட்டியில்லாமல் வந்தால் விற்றவர்தான் பொறுப்பு, அவர் கடையை மூடாதவரைக்கும்.

'எல்லா சாஃப்ட்வேரும் போட்டு' என்ற வரியையும் அடித்துவிடச் சொல்லுங்கள். அது திருட்டு சாஃப்ட்வேர். அதை ஏற்றுவதற்காக ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுப் போவார்கள், திரும்பப் போட மாட்டார்கள். ஷாட்கட் என்று ஒன்று இருக்கிறது, முறைப்படியே இலவசம். வெட்ட, ஒட்ட, பாட்டுச் சேர்க்க, பெயர் போட அது போதும். யூடியூப்பில் எல்லோரும் சொல்கிற டாவின்சி ரிசால்வ் நல்லதுதான், ஆனால் அதுதான் கிராபிக்ஸ் கார்டு கேட்டுப் பசியெடுத்து நிற்கும். ஷாட்கட்டின் அமைப்புகளில் 'ப்ராக்ஸி' என்று இருப்பதை இயக்கிவிடுங்கள். எல்லா எடிட்டிங் சாஃப்ட்வேரும் நான் சொன்ன தனிச் சுற்றை முழுதாகப் பயன்படுத்திக்கொள்வதில்லை, அதற்காகத்தான் இது. ஒவ்வொரு வீடியோவுக்கும் இலேசான நகல் ஒன்றைச் செய்துகொள்ளும்; வெட்டுவது நகலில், கடைசியில் வெளியே வருவது அசலிலிருந்து. முதலில் நகல் தயாராக நேரமெடுக்கும், அப்போது காபி போட்டுக்கொள்ளலாம்.

இனி எடுக்கும் வீடியோக்களுக்குப் போனில் 1080பி, 30 ஃப்ரேம் என்று வையுங்கள். ஐபோனில் இது நிமிடத்துக்குச் சுமார் 60 எம்பி. 4கே, 60 ஃப்ரேம் என்றால் சுமார் 400. இன்னொரு போனிலிருந்து வாட்ஸ்ஆப்பில் வீடியோவாக அனுப்பச் சொல்லாதீர்கள், பிழிந்து சக்கையாகத்தான் வரும். டாக்குமென்டாக அனுப்பலாம், கேபிள் போட்டு எடுப்பது அதைவிட நல்லது.

வாங்கப் போகும்போது ஒரு பென் டிரைவில் அறுபதாம் கல்யாண வீடியோ இரண்டைப் போட்டு எடுத்துப் போங்கள். கடையில் அதை விஎல்சி ப்ளேயரில் ஓடவிட்டு, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் 'சிபியு'வைத் தொட்டால் வலது மேல்மூலையில் புராசஸரின் முழுப்பெயர், எண்ணோடு, தெரியும். துண்டுச்சீட்டில் இல்லாதது அங்கே இருக்கும். அடுத்து 'ஜிபியு'வைத் தொடுங்கள். 'வீடியோ டீகோட்' என்ற கட்டத்தில் கோடு எழும்ப வேண்டும். அது தரையோடு படுத்திருந்து, சிபியு கோடு மட்டும் உச்சிக்கு ஏறினால் பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

சேமிக்க இடம் போதவில்லை என்று ஆன்லைனில் '16 டிபி எஸ்எஸ்டி 1,500 ரூபாய்' மாதிரி எதையும் வாங்கிவிடாதீர்கள். போன வருஷம் ஒருவர் இப்படி ஒன்றைக் கொண்டுவந்தார். மகளின் கல்யாண வீடியோ முழுவதும் அதில்தான், ஃபைல் பெயர்கள் தெரிகின்றன, எதுவும் திறக்கவில்லை. மூடியைக் கழற்றினேன். உள்ளே போனில் போடும் சின்ன மெமரி கார்டு ஒன்று, பசை வைத்து ஒட்டியிருந்தது. கம்ப்யூட்டரிடம் 16 டிபி என்று பொய் சொல்லும். நிரம்பியதும் பழையதன் மேலேயே எழுதும். அவரிடம் வேறு பிரதி இல்லை.

கடைசியாகக் கேசட்டுகள். இதைப் படிக்கும் பத்தில் ஒன்பது பேருக்கு இந்தப் பகுதி தேவைப்படாது. உங்களுக்குத் தேவை, அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மினி டிவி கேசட்டில் இருப்பது டிஜிட்டல் பதிவு. அதை ஒரு துளி குறையாமல் எடுக்க நம்பகமான வழி ஃபயர்வயர் என்ற கேபிள் இணைப்பு. உங்கள் கேமராவின் பக்கவாட்டில் ரப்பர் மூடிக்குள் 'டிவி' (DV) அல்லது 'ஐ.லிங்க்' என்று எழுதிய குட்டி ஓட்டை இருக்கும், அதுதான். பக்கத்தில் யுஎஸ்பி ஓட்டையும் இருக்கலாம். அது பெரும்பாலான கேமராக்களில் புகைப்படத்துக்கானது, அதை நம்பாதீர்கள். மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரில் எடுத்துத் தருகிறேன் என்பவர்கள் டிஜிட்டலை அனலாக் ஆக்கி மறுபடி டிஜிட்டல் ஆக்குகிறார்கள். முகம் மங்கிப்போகும்.

இன்றைய மதர்போர்டுகளில் ஃபயர்வயர் கிடையாது. அதனால் போர்டு வாங்கும்போதே 'பிசிஐஇ எக்ஸ்1 ஸ்லாட்' ஒன்று காலியாக இருக்கிறதா என்று கேளுங்கள். அதில் ஃபயர்வயர் கார்டு ஒன்றைச் செருகலாம். கேபிள் ஒரு முனை நான்கு பின், மறுமுனை ஆறு பின். 'யுஎஸ்பி டு ஃபயர்வயர்' என்று நூறு இருநூறு ரூபாய்க்கு ஒரு கேபிள் விற்கிறார்கள். அதை வாங்காதீர்கள், வேலையே செய்யாது. இரண்டும் வேறு வேறு பாஷை. வெறும் வயரை முறுக்கி இணைத்தால் மொழிபெயர்ப்பு நடந்துவிடாது. நானே ஒரு காலத்தில் ஒன்று வாங்கி ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன். கேமராவை அணைத்துவிட்டுத்தான் கேபிளைச் செருக வேண்டும். விண்டோஸ் கேமராவைக் கண்டுகொள்ளவில்லை என்றால் டிவைஸ் மேனேஜரில் ஃபயர்வயருக்கு 'லெகஸி' என்று முடியும் பழைய டிரைவரை நிறுவித் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். இது தம்பி மகனுக்கு ஏற்ற வேலை.

ஒரு மணி நேரக் கேசட்டை எடுக்க ஒரு மணி நேரம் ஆகும், வேகமாக ஓட்ட முடியாது. ஒவ்வொன்றும் சுமார் 13 ஜிபி. பதினொன்றுக்கும் 150 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு, உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் தாராளமாக அடங்கும். கேமரா ஓடவில்லை என்றால் ஸ்டுடியோவில் கொடுக்கலாம். 'டிவிடி வேண்டாம், எம்பி4 வேண்டாம், டிவி ஏவிஐ (DV AVI) ஃபைலாக ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக் கொடுங்கள்' என்று எழுதியே கொடுங்கள். பதினொரு கேசட்டையும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் அந்தக் கேமராவின் சார்ஜர் எங்கே இருக்கிறது என்று அலமாரியில் தேடுங்கள். பேட்டரி இத்தனை வருஷத்தில் செத்துப்போயிருக்கும், சார்ஜர் கிடைத்தால் நேரடி மின்சாரத்தில் ஓட்டிக்கொள்ளலாம்.