மறுபடியும் ஹாஸ்டலுக்கு அனுப்பாதீர்கள்

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு 14 மாதம். பயிற்சியாளரிடமே தங்கிப் பழகும் ஹாஸ்டல் பயிற்சிக்கு 45 நாள் அனுப்பினோம். பயிற்சியாளர் சொன்னால் உட்காருகிறது. வீட்டிலோ வருகிறவர்கள் மேலெல்லாம் தாவுகிறது. மாமியாரை ஒருமுறை கீழே தள்ளிவிட்டது. பயிற்சியாளர் இன்னும் 30 நாள் விடச் சொல்கிறார். விடலாமா?

பதில்: வேண்டாம், அந்தப் பணம் உங்களிடமே இருக்கட்டும். உங்கள் நாய் பாடம் படித்துவிட்டது: அந்த மைதானத்தில், அந்த மனிதர் சொன்னால் உட்கார வேண்டும். ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்தில் செய்துகாட்டுவது நாய்க்கு எளிதில் வராது. உங்கள் வாசலில், உங்கள் குரலுக்கு என்ன செய்ய வேண்டும் என்று அதற்கு யாருமே சொல்லித்தரவில்லை. கற்க வேண்டியது இப்போது நீங்கள்.

வீடுகளுக்குப் போகும்போது நான் பார்ப்பதைச் சொல்கிறேன். காலிங் பெல் அடித்ததும் நாய் ஓடிவரும். அப்பா "சிட், சிட், சிட்" என்பார். அம்மா "உட்காருடா" என்பார். பையன் பெல்ட்டைப் பிடித்து இழுப்பான். வந்தவர் இரண்டு கையாலும் தள்ளுவார், நாய்க்கு அது விளையாட்டு. கொஞ்ச நேரத்தில் களைத்துப்போய்த் தானாகவே உட்காரும். அந்த நேரம் வந்தவருக்குக் காபியா டீயா என்ற பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். தாவினால் வீடே திரும்பிப் பார்க்கிறது, உட்கார்ந்தால் ஒருவரும் பார்ப்பதில்லை. அது எதைச் செய்யும்?

வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்லுங்கள், ஒரே தடவை சொல்லுங்கள். தாவினால் தள்ளாமல், திட்டாமல் முதுகைக் காட்டி நில்லுங்கள். நான்கு காலும் தரையில் பட்ட ஒன்றிரண்டு நொடிக்குள் பட்டாணி அளவு வேகவைத்த கோழித்துண்டு. பத்து நொடி தாமதித்தால் எதற்குக் கிடைத்தது என்றே அதற்குப் புரியாது. ஐந்து நிமிடம், தினம் மூன்று வேளை போதும். மாமியார் கூடத்தில் இருந்தால் முதலில் கயிற்றை மாட்டிவிட்டு அப்புறம் கதவைத் திறவுங்கள். ஆரம்பத்தில் தாவல் கூடும். இதுவரை பலித்தது பலிக்கவில்லையே என்று இன்னும் பலமாக முயன்று பார்க்கும். அப்போது ஒருவர் "பாவம்" என்று தடவிக்கொடுத்தாலும் போதும், விடாமல் தாவினால் பலிக்கும் என்று கற்றுக்கொள்ளும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நேற்றுவரை சாதுவாக இருந்த நாய், தலையைத் தொட்டால் திடீரென உறுமுகிறது என்றால் பயிற்சியாளரைக் கூப்பிடாதீர்கள், கால்நடை மருத்துவரிடம் போங்கள். லாப்ரடாரின் காது மடிந்து தொங்குவது. குளிப்பாட்டிச் சரியாகத் துடைக்காவிட்டால் உள்ளே ஈரம் தங்கிப் புண்ணாகும். மடலைத் தூக்கிப் பாருங்கள். பழுப்பு அழுக்கு, புளித்த வாடை, தலையை உதறிக்கொண்டே இருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் வலி இருக்கலாம். வலியில் உறுமும் நாயை "அடங்காதது" என்று அடித்து, கடிக்கவைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். வலிக்கு மருந்துதான் வேண்டும்.

நம் ஊரில் நாய்ப் பயிற்சியாளர் என்று போர்டு மாட்டத் தேர்வும் கிடையாது, உரிமமும் கிடையாது. குட்டியை விற்ற கடைக்காரரே ஆளைக் கைகாட்டுவார், அதில் அவருக்கும் கமிஷன் இருக்கும். கழுத்தில் முள் பட்டை, ஷாக் பட்டை மாட்டி "நீங்கள்தான் ஆல்ஃபா, அதாவது கூட்டத் தலைவர், என்று காட்டுங்கள்" என்பார்கள். அடைத்துவைத்த ஓநாய்களைப் பார்த்து எழுந்த அந்தக் கருத்தைப் பரப்பிய ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச் (Mech) என்பவரே 1999இல் அது தவறு என்று எழுதிவிட்டார். இங்கே இன்னும் விற்கிறார்கள். அடித்துப் பழக்குகிறவரைப் பிடித்துக்கொடுத்தாலும், 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். இதை மாற்ற இத்தனை வருடமா?

அடுத்து யாரை அழைத்தாலும் வீட்டுக்கே வரச் சொல்லுங்கள். கயிறு உங்கள் கையில் இருக்கட்டும், அவர் பக்கத்தில் நின்று உங்களைத் திருத்தட்டும். "ஓனர் இருந்தா நாய் கவனிக்காதுங்க" என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.