பச்சை சோஸ் கறுத்துக் கைக்குது எண்டு கேட்டவருக்கு

மல்லி இலை, புதினா, தேசிக்காய்ப்புளி எல்லாத்தையும் ஒண்டாப் போட்டு அடிச்சனான், கொஞ்ச நேரத்தில கறுத்துக் கைச்சுப்போச்சு, மீன் சோஸும் கிளிநொச்சியில கிடைக்கேல்லை எண்டு எழுதியிருந்தீங்கள்.

நிறம் மங்கிறது பிளெண்டர் சூட்டாலயும் புளியாலயும்தான். அடிக்கேக்க தண்ணிக்குப் பதிலா 2 ஐஸ் கட்டி போடுங்கோ. புளியைச் சாப்பிடப் போகேக்க மட்டும் விடுங்கோ, விதை விழாமல். புதினாவில இலையை மட்டும் கிள்ளி எடுங்கோ, முத்தின தண்டுதான் கைப்பு. மல்லியின்ர இளந்தண்டை எறிஞ்சு போடாதேங்கோ, அதிலயும் நல்ல வாசம் இருக்கு.

மல்லி 2 கைப்பிடி எண்டால் புதினா 1 கைப்பிடி, பச்சை மிளகாய் 2, உள்ளி 2 பல்லு, நகமளவு இஞ்சி, அரைத் தேக்கரண்டி சீனி. மீன் சோஸ் தாய்லாந்துக்காரரின்ர பழக்கம். அதுக்குப் பதிலா 1 மேசைக்கரண்டி சோயா சோஸ் காணும், உப்பைப் பிறகு பார்த்துப் போடுங்கோ. தண்ணியா ஓடினால் வறுத்த கச்சானைக் கொஞ்சம் இடிச்சுச் சேருங்கோ.

கரண்ட் இல்லாட்டி அம்மி இருக்குத்தானே. உண்மையில எனக்கு அம்மிச் சோஸ்தான் விருப்பம், சூடும் ஏறாது. பொரிச்ச பாரை மீனோட தொட்டுப் பாருங்கோ. மிஞ்சினதைப் புளி விடாமல் ஃபிரிட்ஜில வையுங்கோ.