எண்களை எழுத்தால் எழுதக் குழந்தையைப் பழக்குவது எப்படி?

கேள்வி: இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் நூறு வரை எண்களைத் தடையின்றி எழுதுகிறாள். அவற்றையே எழுத்தால் எழுதச் சொன்னால் பாதிக்கு மேல் பிழையாக இருக்கிறது. தினமும் ஒன்று முதல் நூறு வரை எழுத வைத்தால் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது. வரிசையாக எழுதச் சொன்னால் குழந்தை எண்ணைப் பார்ப்பதையே விட்டுவிடும். பக்கத்தின் இடப்புறம் மேலிருந்து கீழாக ‘இருபத்து, இருபத்து, இருபத்து’ என்று ஒரே மூச்சில் எழுதி முடித்துவிட்டு, பிறகு வலப்புறத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று நிரப்பிக்கொண்டே இறங்கிவரும். கோபிசெட்டிபாளையம் வட்டாரத்துத் தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலும் சின்ன வகுப்புகளையே எடுத்துவந்த நான், இப்படி நிரம்பிய நோட்டுகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். பக்கம் அழகாக இருக்கும். ஆனால் அந்தப் பிள்ளையிடமே 47-ஐத் தனியாகக் கொடுத்து எழுதச் சொன்னால் கை நின்றுவிடும்.

உண்மையில் நூறுக்குள் மனத்தில் இருத்த வேண்டியவை 27 சொற்கள்தாம். ஒன்று முதல் பத்தொன்பது வரை உள்ளவையும், இருபது, முப்பது என்று தொண்ணூறு வரை செல்லும் எட்டும் வந்துவிட்டால், மீதி 72 எண்களைக் குழந்தையே சேர்த்து எழுதிக்கொள்ளும். ஆகவே உழைப்பையெல்லாம் அந்த 27-இல் செலவிடுங்கள்.

முதல் சில நாட்கள் பென்சிலே வேண்டாம். வீட்டில் நாம் “கண்ணு, அஞ்சு முட்டை எடுத்துட்டு வா சாமி” என்றுதான் சொல்கிறோம். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு என்றுதான் எண்ணுகிறோம். ‘ஏளு’ என்று சொல்லும் வீடுகளும் நம் பக்கம் உண்டு. அந்தப் பேச்சில் குறை ஒன்றும் இல்லை. அதைத் திருத்தவும் வேண்டாம். ஆனால் காதில் விழாத ‘மூன்று’ கையில் எப்படி வரும்? எழுதும் வடிவத்தை வாய்விட்டுச் சொல்லிப் பழக்கிய பிறகு, சொல்லட்டைகளைக் கலைத்துப்போட்டு, நீங்கள் சொல்லும் எண்ணுக்குரியதை எடுக்கச் சொல்லுங்கள். எழுதத் தொடங்கும்போதும் எண் வரிசையில் போகாமல் எழுத்து ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு போவது நல்லது. ஒன்று, மூன்று ஒருநாள்; எட்டு, பத்து மறுநாள்; ஆறு, நூறு இன்னொரு நாள் என்று கொடுத்தால், ‘ஒன்ரு’, ‘நூரு’ என்னும் பிழைகள் பெருமளவு குறையும்.

அதிக நேரம் கேட்பவை பத்துகள். ஆறு ‘அறுபது’ ஆகும்போதும் ஏழு ‘எழுபது’ ஆகும்போதும் முதல் எழுத்து குறுகுகிறது. மூன்றும் ‘முப்பது’ ஆகையில் அப்படியே குறுகும். இதைச் சொல்லித் தராவிட்டால் குழந்தை ‘ஆறுபது’, ‘ஏழுபது’ என்றுதான் எழுதும். ஒரு சிறுமி 90-க்கு ‘ஒன்பதுபது’ என்று எழுதிவிட்டு, சரிதானே என்று என் முகத்தைப் பார்த்தாள். அவள் கணக்கில் அது சரிதான். ஒன்பதும் பத்தும் சேர்ந்து தொண்ணூறு ஆவதற்குத் தொல்காப்பியமே தனி விதி சொல்ல வேண்டியிருந்தது என்றால், ஏழு வயதுப் பிள்ளையை அதற்காகக் கடிந்துகொள்ள நமக்கு நியாயம் இல்லை. தொண்ணூறை மட்டும் விதி சொல்லாமல், தனிச் சொல்லாகவே மனத்தில் பதிய வையுங்கள். இங்கே பொறுமையாகச் செலவிடும் நாட்கள் வீண்போகாது. நூறுகளுக்குப் போகும்போது அறுநூறு, எழுநூறு என்று அதே குறுக்கம் திரும்பவும் வரும். முந்நூறு ஒன்றுதான் தொல்லை, பெரியவர்களே அதை ‘முன்னூறு’ என்று எழுதுகிறார்கள்.

அடுத்தது, எழுத்திலிருந்து எண்ணுக்குத் திரும்பும் பயிற்சி. பலர் இதைச் செய்வதே இல்லை. ‘நூற்று ஐந்து’ என்று எழுதிக்கொடுத்து எண்ணால் எழுதச் சொன்னால், நூறையும் ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 1005 என்று எழுதும் குழந்தைகள் வகுப்புக்கு நாலைந்து பேராவது இருப்பார்கள். இது எழுத்துப் பிழை அன்று. இடமதிப்பு இன்னும் பிடிபடவில்லை என்பதற்கு அடையாளம். நூறு, பத்து, ஒன்று என்று மூன்று கட்டம் போட்டு, சொல்லில் பெயர் வராத பத்தின் கட்டத்தில் சுழியம் இருக்கிறது என்று காட்டினால் தெளிந்துவிடும். உங்கள் மகள் அரசுப் பள்ளியில் படிக்கிறாள் என்றால், 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அவள் அரும்பு, மொட்டு, மலர் ஆகியவற்றுள் எந்த நிலையில் இருக்கிறாள் என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டு, அதற்கேற்ப எண்களைக் கொடுங்கள்.

பயிற்சிக்கென்று தனிப் புத்தகம் வாங்க வேண்டியதில்லை. பால் சொசைட்டி அட்டை வீட்டில் இருந்தால் அதிலுள்ள தொகைகளே போதும். இல்லாவிட்டால் மளிகைக் கடைச் சீட்டு இருக்கிறது. நாளுக்கு ஐந்து எண், வரிசை கலைத்து, அவற்றில் ஒன்று நேற்றுப் பிழையானதாக இருக்கட்டும். “எதுக்கு இதை எழுத்துல எழுதணும்?” என்று அவள் கேட்டால், ஒரு காசோலையை எடுத்துக் காட்டுங்கள். எண்ணில் ஒரு தொகையும் எழுத்தில் வேறொரு தொகையும் இருந்தால் எழுத்தில் உள்ளதே செல்லும் என்று 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு சொல்கிறது. குழந்தைகளுக்கு இந்தச் செய்தி மிகவும் பிடிக்கும். எண்ணோடு ஒரு சுழியத்தைச் சேர்த்து ஏமாற்றிவிடலாம், ‘ஐந்நூறு’ என்று எழுதியதை அப்படி மாற்ற முடியாது என்று அவர்களாகவே கண்டுபிடித்துச் சொல்வார்கள்.

திருத்தும்போது ஒன்றைக் கவனியுங்கள். ‘இருபத்தொன்று’ என்று சேர்த்து எழுதினாலும் ‘இருபத்து ஒன்று’ என்று பிரித்து எழுதினாலும் சரியே; பள்ளிப் புத்தகத்தில் எது இருக்கிறதோ அதையே வீட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள். ‘இருபத்தி ஒன்று’ என்பது பேச்சு வழக்கு, ஆகவே அதை மட்டும் சுழித்துக் காட்டுங்கள்.