பதினாறு டன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க கன்ட்ரி இசை பற்றிச் சென்ற மாதம் எழுதியபோது ‘சிக்ஸ்டீன் டன்ஸ்’ பாடலை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். நான் நெய்வேலியில் வளர்ந்தவன். அப்பாவிடம் இருந்த கேசட் ஒன்றில் டென்னசி எர்னி ஃபோர்ட் பாடிய அந்தப் பாட்டு இருந்தது. அர்த்தம் புரியாத வயதிலேயே அந்த விரல் சொடக்கு பிடித்துவிட்டது. போன வாரம் அலுவலகத்தில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. சுரங்கத் தொழிலாளர்கள் வாய்வழியாகப் பாடிவந்த பழைய பாட்டு அது என்கிறார் ஒரு நண்பர். கன்ட்ரி பாடகர் மெர்ல் டிராவிஸ் எழுதியது என்றேன் நான். அவரே இன்னொருவரிடமிருந்து எடுத்ததுதான் என்றார் மூன்றாமவர். எது சரி? அப்புறம், கேட்டால் ஜாஸ் மாதிரி இருக்கிறதே, இதை எப்படி கன்ட்ரியில் சேர்த்தார்கள்?

அன்புடன்,
கே., கடலூர்

அன்புள்ள கே.,

ஒரே வரியில் கடந்தது என் தப்புதான். ஒரு வரியில் அடங்குகிற பாட்டு இல்லை அது.

முதலில் உங்கள் நண்பருக்கு. அந்தப் பாட்டு சுரங்கத்தில் பிறக்கவில்லை. ஆர்டர் கொடுத்து எழுதி வாங்கிய ‘நாட்டுப்பாடல்’ அது. 1946இல் பர்ல் ஐவ்ஸ் பாடிய நாட்டுப்பாடல் இசைத்தட்டுகள் நன்றாக விற்றுக்கொண்டிருந்தன. ஹாலிவுட்டில் இருந்த கேபிடல் இசைத்தட்டுக் கம்பெனிக்கும் அப்படி ஒரு ஆல்பம் தேவைப்பட்டது. அங்கே இருந்த கிளிஃபி ஸ்டோன், கெண்டக்கியிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு வந்து கிடார் வாசித்துக்கொண்டிருந்த டிராவிஸைக் கூப்பிட்டுக் கேட்டார். எனக்குத் தெரிந்ததையெல்லாம் ஐவ்ஸ் பாடிவிட்டாரே என்றாராம் டிராவிஸ். அப்படியானால் நீயே எழுது என்றாராம் ஸ்டோன். அதே ஆல்பத்துக்கான ‘டார்க் அஸ் எ டஞ்சன்’ பாட்டை, ரிடாண்டோ பீச்சில் காதலியைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற வழியில், தெருவிளக்கடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு எழுதியதாக டிராவிஸே சொல்லியிருக்கிறார். சுரங்க இருட்டைப் பற்றி எழுதப்பட்ட மிகச் சிறந்த பாட்டு கடற்கரை ஊரில் தெருவிளக்கு வெளிச்சத்தில் எழுதப்பட்டது என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் உண்டு.

ஆனால் அந்த ஆள் வெளியாள் இல்லை. டிராவிஸ் 1917இல் மேற்குக் கெண்டக்கியில், மியூலன்பர்க் கவுண்டியில் பிறந்தவர். அப்பா சுரங்கத் தொழிலாளி. கட்டைவிரலில் அடிநாதத்தைப் பிடித்துக்கொண்டு ஆள்காட்டி விரலில் மெட்டைக் கொண்டுபோகும் டிராவிஸின் கிடார் பாணி அவர் பெயராலேயே இன்று அழைக்கப்படுகிறது. அதை அவருக்குக் காட்டிக்கொடுத்த மோஸ் ரேகரும் ஐக் எவர்லியும்கூட அந்த ஊர்ச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள்தான். (பாடகர்கள் எவர்லி பிரதர்ஸின் அப்பா இந்த ஐக்.) டிராவிஸ் சுரங்க வேலைக்குப் போகாமல் கிடாரைப் பிடித்துக்கொண்டு ஊரைவிட்டுத் தப்பித்தவர்.

இப்போது பாட்டின் பல்லவிக்கு வருவோம். அதில் அச்சாணி மாதிரி இரண்டு வரிகள். பதினாறு டன் அள்ளிப் போட்டாய், என்ன மிச்சம், வயதில் ஒரு நாள் கூடியது, கடனும் கூடியது என்பது ஒன்று. இது டிராவிஸின் அண்ணன் ஜான் எழுதிய கடிதத்தில் இருந்தது. போர்ச் செய்தியாளர் எர்னி பைல் 1945 ஏப்ரலில் ஒகினாவா அருகே சுட்டுக் கொல்லப்பட்டதைப் பற்றிய கடிதம் அது. போர்முனை வாழ்க்கை சுரங்க வேலை மாதிரிதான் என்று சொல்ல வந்தவர் அப்படி எழுதிவிட்டார். இன்னொன்று, வானுலகின் வாசலில் நிற்கும் பீட்டரிடம், என்னைக் கூப்பிடாதீர்கள், வரமுடியாது, என் ஆன்மாவே கம்பெனிக் கடையில் அடமானத்தில் இருக்கிறது என்பது. இது அப்பாவின் பேச்சிலிருந்து வந்தது. எப்படி இருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், சாகக்கூட எனக்குக் கட்டுப்படியாகாது, கம்பெனிக் கடைக்கு அவ்வளவு பாக்கி என்பாராம். ஆக, உங்கள் நண்பர் சொல்வது முழுத் தப்பும் இல்லை. ஆர்டர் ஹாலிவுட்டுடையது, சரக்கு வீட்டிலிருந்து வந்தது.

அந்தக் கடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பாட்டு வெறும் புலம்பலாகக் கேட்கும். சுரங்க ஊரில் வீடு கம்பெனியுடையது, கடையும் கம்பெனியுடையது. கூலி டன் கணக்கில். பாறையை வெடிக்கிற மருந்துக்கும், விளக்குக்கும், வீட்டு வாடகைக்கும், டாக்டருக்கும் அதிலிருந்து பிடித்துக்கொள்வார்கள். அள்ளிய கரியில் கல் கலந்திருந்தால் அதற்கும் வெட்டு. சம்பள நாள் வரை தாக்குப்பிடிக்க முடியாதவருக்கு முன்பணமாகக் கிடைப்பது ஸ்கிரிப் என்கிற வில்லை. பித்தளையில் கம்பெனி பெயர் பொறித்து, பெரும்பாலும் நடுவில் துளை போட்டிருக்கும். அது அந்தக் கடையில் மட்டும்தான் செல்லும். காசாக மாற்ற வேண்டுமென்றால் மதிப்பைக் குறைத்துத்தான் மாற்றுவார்கள். டிராவிஸின் தட்டில் பாட்டு தொடங்கும் முன் அவரே பேசுகிறார். நிஜப் பணத்தைக் கண்ணால் பார்க்காமல் வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்களைப் பற்றியும் இந்த வில்லைகளைப் பற்றியும் சாவகாசமாக, கதை சொல்கிற குரலில் சொல்கிறார். பாட்டில் வரும் ‘நம்பர் நைன்’ கரியும் எதுகைக்காகப் போட்டதில்லை. மேற்குக் கெண்டக்கியின் ஒன்பதாம் எண் கரிப்படிவம் அது. பாராட்டுகிற ‘ஸ்ட்ரா பாஸ்’ நம் ஊர் மேஸ்திரி மாதிரி.

1947இல் வந்த அந்த ஆல்பம் பெரிதாக விற்கவில்லை. எட்டு வருடம் கழித்துத்தான் எர்னி ஃபோர்ட் வருகிறார். டென்னசியின் பிரிஸ்டல் ஊர்க்காரர், வானொலி அறிவிப்பாளராக இருந்து பாடகர் ஆனவர், அப்போது தினமும் தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். அந்த நெருக்கடியில் கேபிடலுக்குப் பாடிக் கொடுக்க நேரமே இல்லை. ஒப்பந்தத்தை நினைவூட்டி கம்பெனி நெருக்கியதும் 1955 செப்டம்பரில் ஸ்டுடியோவுக்கு வந்து இரண்டு பாட்டுப் பாடினார். ‘சிக்ஸ்டீன் டன்ஸ்’ தட்டின் பின்பக்கத்துக்குப் போனது. ஜாக் ஃபாசினாட்டோவின் இசையமைப்பில் கிளாரினெட்டும் டிரம்பெட்டும்தான் முன்னால் நிற்கின்றன. உங்களுக்கு ஜாஸ் மாதிரி கேட்டது இதனால்தான். டிராவிஸ் பாடியதைக் கேளுங்கள், கிடாரும் குரலும்தான் முன்னால் நிற்கின்றன. இதை ஏன் கன்ட்ரி என்கிறார்கள் என்று அப்புறம் கேட்க மாட்டீர்கள். எனக்குப் பிடித்ததும் அதுதான். ஃபோர்டின் குரல் கம்பீரமானது, ஆனால் அவர் கடனாளி மாதிரி ஒலிக்கவில்லை.

நீங்கள் சின்ன வயதில் ரசித்த சொடக்கு தற்செயலாக வந்தது. வாத்தியக்காரர்களுக்கு வேகத்தைக் காட்ட ஃபோர்ட் விரலைச் சொடக்கினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த தயாரிப்பாளர் லீ கில்லட், அது அப்படியே இருக்கட்டும் என்றாராம்.

அக்டோபரில் தட்டு வெளிவந்தது. ஒரு மாதத்துக்குள் விற்பனை பத்து லட்சத்தைத் தாண்டியது. கன்ட்ரி பட்டியலில் 10 வாரம் முதலிடம், பாப் பட்டியலிலும் முதலிடம். வேடிக்கை என்னவென்றால், அதற்குள் கரி அள்ளுவதற்கு இயந்திரம் வந்து, வில்லைகளும் ஏறத்தாழ வழக்கொழிந்துவிட்டன. வாங்கியவர்களில் பெரும்பாலோர் கரிச் சுரங்கத்தைப் படத்தில் பார்த்தவர்கள். ஆனால் காருக்கும் ஃபிரிட்ஜுக்கும் மாதத் தவணை கட்டிக்கொண்டிருந்த தலைமுறை அது, அவர்களுக்கு அந்தக் கடையை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை என்பது என் ஊகம்.

மூன்றாமவர் சொன்னதும் காற்றில் வந்ததில்லை. ஜார்ஜ் டேவிஸ் என்ற கெண்டக்கிச் சுரங்கத் தொழிலாளி, 1930களிலேயே இதைத் தான் பாடிவந்ததாகவும், தன் பாட்டில் டன் கணக்கு ஒன்பது பத்துதான் என்றும் பிற்பாடு உரிமை கோரினார். அவர் பாடிய வடிவம் 1960களில் தட்டாகவும் வந்தது. பாட்டின் உரிமை டிராவிஸ் பெயரில்தான் இன்றும் இருக்கிறது. அண்ணனின் கடிதம், அப்பாவின் பேச்சு என்று டிராவிஸ் சொல்கிற கதை எனக்கு நம்பும்படி இருக்கிறது. ஒரே மனக்குறை ஆயிரம் வாய்களில் புழங்கிய ஊரில் இரண்டு பேர் ஒரே மாதிரி பாடியிருக்கவும் கூடும்.

டிராவிஸ் பிற்காலத்தில் மேடையில் இதைப் பாடும்போது, கம்பெனிக் கடைக்கு ஆன்மாவை அடமானம் வைத்ததாக வரும் கடைசி வரியை மாற்றிவிடுவாராம். கடைக்குப் பதிலாக டென்னசி எர்னி ஃபோர்ட் பெயர்.

அன்புடன்