கருமணலில் டைட்டானியம் எவ்வளவு? கேள்வி பதில்

தாது ஆய்வகத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி கருமணலில் உள்ள இல்மனைட் (இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்த தாது) பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

நாகர்கோவில் மாணவி: சார், இல்மனைட்டில் இரும்பும் இருக்கிறதே, டைட்டானியத்தை மட்டும் எப்படி அளப்பது?

பிரிக்கவே வேண்டாம் மக்களே. 0.2 கிராம் பொடியை பொட்டாசியம் பைரோசல்பேட்டுடன் உருக்கி, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, அலுமினியத் தகடு போட்டுச் சூடாக்க வேண்டும். டைட்டானியம் மூன்றாம் ஆக்சிஜனேற்ற நிலைக்கு (Ti³⁺) இறங்கி, கரைசல் ஊதாவாகும். இரும்பு இரண்டாம் நிலையில் நிற்கும். ஆறியதும் ஃபெர்ரிக் அம்மோனியம் சல்பேட்டை பியூரெட்டிலிருந்து (அளவு குறித்த, திருகு உள்ள கண்ணாடிக் குழாய்) சொட்டுச் சொட்டாக விட்டால், டைட்டானியம் மட்டுமே வினைபுரியும். நிறங்காட்டி தயோசயனேட். டைட்டானியம் தீர்ந்த அடுத்த சொட்டிலேயே சிவப்பு தெரியும். 0.1 நார்மல் (செறிவைச் சொல்லும் அளவு) கரைசல் 1 மி.லி.க்கு 7.99 மி.கி. டைட்டானியம் டை ஆக்சைடு. 13.8 மி.லி. செலவானால் 110.3 மி.கி., அதாவது 55 சதவீதம்.

தக்கலை ஆசிரியர்: FeTiO₃ என்ற வாய்பாட்டுக் கணக்கில் 52.7 சதவீதம் தானே வருகிறது?

ஆமாம் டீச்சர். ஆனால் நம் கடற்கரை மணல் நெடுங்காலம் வெயிலிலும் மழையிலும் சிதைந்தது. இரும்பில் ஒரு பங்கு கரைந்து போய்விட, டைட்டானியத்தின் விகிதம் கூடிவிட்டது. வாய்பாட்டுக்கு உங்கள் 52.7 சரி, நம் மணலுக்கு 55 சரி.

குளச்சல் மாணவர்: மூன்று தடவை செய்தேன் சார், ஒவ்வொரு தடவையும் குறைவாக வருகிறது.

காற்றுதான் காரணம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கும் இதே கதி. ரப்பர் அடைப்பான் லேசாகத் தளர்ந்திருந்தது. நான் பியூரெட்டை நிரப்பித் திரும்புவதற்குள் குடுவையில் ஊதா வெளுத்துக்கொண்டிருந்தது. ஆக்சிஜன் பட்டால் டைட்டானியம் நாலாம் நிலைக்கு ஏறிவிடும், ஃபெர்ரிக் குறைவாகச் செலவாகும். அடைப்பானிலிருந்து வரும் வளைகுழாயின் முனையைச் சோடியம் பைகார்பனேட் கரைசலில் அமிழ்த்தி வையுங்கள். குடுவை ஆறும்போது கரைசலை உள்ளே இழுக்கும். அமிலத்தில் பட்டுக் கார்பன் டை ஆக்சைடு கிளம்பி இடத்தை நிரப்பும். அப்புறம் திறந்த உடனே, தாமதிக்காமல் தரம் பாருங்கள் (பியூரெட்டிலிருந்து விட்டு அளவிடுங்கள்).

மார்த்தாண்டம் மாணவி: இரும்பை அளக்கப் பள்ளியில் இருக்கிற பெர்மாங்கனேட் போதாதா?

ஹைட்ரோகுளோரிக் அமிலக் கரைசலில் வேண்டாம். குளோரைடையும் அது ஆக்சிஜனேற்றிவிடும், அளவு கூடிக் காட்டும். பொட்டாசியம் டைகுரோமேட் நல்லது. 4.9 கிராம் எடைபோட்டு ஒரு லிட்டராக்கினால் 0.1 நார்மல், 1 மி.லி.க்கு 5.585 மி.கி. இரும்பு. பழைய முறையில், இரும்பை இரண்டாம் நிலைக்கு இறக்கச் சேர்த்த ஸ்டேனஸ் குளோரைடில் மிகுதியானதை நீக்க மெர்குரிக் குளோரைடு சேர்ப்பார்கள். அது கொடிய விஷம்மா. அந்தக் கழிவில் ஒரு சொட்டும் சிங்க்கில் போகக் கூடாது. டைகுரோமேட் கழிவையும் தனிப் பாட்டிலில் மூடி, பெயர் எழுதி வையுங்கள்.